பூட்டிய வீடு

கதவைத் திறக்குமுன் மீட்டரைப் பார்ப்பது
தொழில் பழக்கம்.
பணகுடியில் பதினொரு வருஷமாக
வீடு வீடாகப் போய் எண் எழுதுகிறவள் நான்.
கிளம்பும்போது 4817.
பால்துரை அண்ணனுக்கு இடுப்பெலும்பு முறிந்து
ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில்
பாய் விரித்துக் கிடந்த பத்தொன்பது நாள் கழித்து
4843.

முன்பூட்டு போட்டது போட்டபடி.
பின்கதவுக் கொக்கியைத்தான் ஆடிக்காற்று
வருஷாவருஷம் ஆட்டித் தளர்த்தியது.
நானும் வருஷாவருஷம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தாறு யூனிட்.
தோள்பையை இறக்காமல்
நடுவீட்டில் நின்று மனக்கணக்குப் போட்டேன்.
மின்விசிறி, ராத்திரிக்கு முக்கால்.
மோட்டார், தொட்டி நிறைய அரை.
பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்துபோட்டுப் போன ஃபிரிட்ஜ்
இப்போது சாத்தியிருக்கிறது, உறுமுகிறது.
உள்ளே ஒரு கிண்ணம் தயிர்,
மேலே என் தட்டு கவிழ்த்து.
குப்பையில் பால் கவர், வியாழக்கிழமைத் தேதி.
நான் வந்தது சனி.

பத்து நாள் இருந்திருக்கலாம். பன்னிரண்டு.
ஒரு ஆளா இரண்டு ஆளா என்று
யூனிட் சொல்லாது.

அரிசி ரெண்டு படி குறைவு.
பீரோவைத் தொட்ட மாதிரி இல்லை.
என் நீல நைட்டி துவைத்துக் காய்ந்து
நான் மடிக்காத விதத்தில் மடிந்திருக்கிறது,
கைகளை உள்ளே விட்டு, கடைத்துணி போல.
தூசி என்று நான் ஆறு வருஷம் திறக்காத
மேற்கு ஜன்னல் திறந்து கிடக்கிறது,
அதன் முன்னால் ஒரு நாற்காலி.
உட்கார்ந்து பார்த்தேன்.
மலை, மூன்று காற்றாலை. ஒன்று சுற்றவில்லை.
இழுத்து அடைத்தேன்.

செல்வக்கனி அக்கா மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து:
"நீ வந்துட்டன்னுல்லா நெனச்சேன்.
லைட்டு எரிஞ்சிச்சு. ஏட்டி மேபல்,
அண்ணனுக்கு எப்பிடி இருக்கு, பரவால்லியான்னு கேட்டேன்.
'ம்'முன்னு சத்தம் வந்திச்சே."

அரிசி போகட்டும்.
அந்த 'ம்'தான்.
என் பெயருக்கு எவளோ திரும்பியிருக்கிறாள்.
அந்த ராத்திரி அண்ணனுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று.
இங்கே, என் அடுக்களை இருட்டில்,
அவனுக்குப் பரவாயில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் இசக்கியப்பன்
"என்னம்மா போச்சு?" என்றார்.
இருபத்தாறு யூனிட் என்றேன்.
பேனாவை மூடினார்.
"ஒங்க டிபார்ட்மெண்ட்லயே எழுதிக் குடுங்க."

விரிப்பை இரண்டு தரம் அலசினேன்.
தலையணையை எரித்தேன், பஞ்சு மறுநாள் வரை கனன்றது.
கொக்கிக்குப் பதில் இரும்புத் தாழ்ப்பாள், நானூற்று ஐம்பது.
அதற்குப் பிறகும் குளிக்கையில்
குழாயை அடைத்து அடைத்துக் காது கொடுக்கிறேன்.

அந்த ரெண்டு மாசத்துக்கு மொத்தம் எண்பத்தெட்டு.
நூறு வரைக்கும் அரசாங்கம் கேட்பதில்லை.
அவள் குடித்த தண்ணீர், அவள் படுத்த காற்று,
எல்லாவற்றுக்கும் சேர்த்து
வெள்ளை அட்டையில் என் கையாலேயே
பூஜ்யம் போட்டேன்.

புரட்டாசியில் ரோஸ்மியாபுரம்.
மும்பைக்குப் போனவர்கள் வீடு.
கதவிடுக்கில் செருகிய கல்யாணப் பத்திரிகை வெளுத்துவிட்டது.
போன தடவையும் அதே எண், அதற்கு முந்தியும் அதே எண்.
இந்தத் தடவை ஒன்பது கூடுதல்.
மீட்டரில் சிவப்புப் பொட்டு
சிமிட்டுகிறது, நிற்கிறது, சிமிட்டுகிறது.
ஃபிரிட்ஜாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.
ஃபிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பிக்காது.

கதவு வரை போய்க் கையை ஓங்கினேன்.
யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட?

எண்ணை எழுதிக்கொண்டேன்.
செருப்புச் சத்தம் கேட்கும்படி நடந்து
வெளிக்கேட்டைச் சாத்தினேன்,
கொஞ்சம் பலமாகவே.