கதவில் தெரிந்த ஸ்வெட்டர்

மாவு புளித்துப் பொங்கிப்
பானை வாயைத் தாண்டும் சித்திரை.
எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு பழைய ஃப்ரிட்ஜ்.

இரண்டு கதவு, ஒரு வருடம்தான் ஓடியது,
ஆறாயிரத்து ஐந்நூறு.
இடம்: காரைக்குடி.
கைப்பேசியில் அதைப் பார்த்த ராத்திரியே
கட்டிலை நகர்த்தி இடம் பண்ணிவிட்டேன்.

விற்பவர் ராணுவத்தில் இருக்கிறாராம்.
திடீர் மாற்றலாம்.
சீருடையும் மீசையுமாக அடையாள அட்டை அனுப்பினார்,
நான் கேட்காமலே.
கேட்காமல் நீட்டுகிற கடனைக் கண்டால்
இந்த ஊரில் ஓரடி பின்னால் போவார்கள்.

"வணக்கம் அன்பான சகோதரி,
தங்கள் விசாரணைக்கு நன்றி.
ராணுவ வாகனம் தங்கள் இல்லம் வந்தடையும்.
முன்பணம் இரண்டாயிரம் மட்டும்.
இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்யவும்."
செக்காலை ரோட்டில் நின்றுகொண்டு
யாராவது இப்படிப் பேசிக் கேட்டிருக்கிறீர்களா?

போன தையில் பக்கத்து வீட்டு அழகம்மை
தையல் மெஷினுக்கு நாலாயிரம் கட்டினாள்.
மெஷின் மதுரை வரை வந்தது,
அங்கே வரி கேட்டது. கட்டினாள்.
திருப்பத்தூர் வரை வந்தது,
அங்கே இன்சூரன்ஸ் கேட்டது.
இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.
வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.
என்னிடம் சொன்னாள், அதுவும்
அவளே திருடியதுபோல
குரலைத் தாழ்த்தி.

அதனால் படத்தை இரண்டு விரலால் விரித்தேன்,
மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பதுபோல.
கைப்பிடி. அடித்தட்டு. பின்சுவர்.
அப்புறம், மூடிய கதவின் பளபளப்பில்
படமெடுத்த ஆள் மங்கலாகத் தெரிந்தான்:
காதை மூடிய கம்பளிக் குல்லா,
கழுத்துவரை ஸ்வெட்டர்.

காரைக்குடியில்.
சித்திரையில்.
தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயிலில்.

எழுதினேன்:
"ஃப்ரிட்ஜ் தலையில் ஒரு கத்திரிக்காயை வைத்து
இன்னொரு படம் அனுப்புங்க சார்."
நீலக் கோடு இரண்டும் விழுந்தன.
எழுதுகிறார். நிறுத்துகிறார். எழுதுகிறார்.
நாட்டைக் காக்கும் கைக்கு
ஒரு கத்திரிக்காய் கிடைக்கவில்லை.

அடுத்தது பள்ளத்தூர்.
படம் கோணல், விலை ஒன்பதாயிரம்.
அடியோரத்துத் துருவையும்
தனியாக ஒரு படமெடுத்துப் போட்டிருந்தார்.
முன்பணம் அனுப்பவா என்றேன், வேண்டுமென்றே.
"வந்து பாரும்மா. பிடிக்கலேன்னா போ."
போனை வைத்துவிட்டார் உடையப்பன்.

அழகம்மையைக் கூட்டிக்கொண்டு
பகல் பதினொரு மணி பஸ்ஸில் போனேன்.
பிளக்கை மாட்டச் சொல்லி
முதுகில் காது வைத்துக் கேட்டேன்.
மங்கிய பில்லில் அவர் பெயர் இருந்தது.
ஒரு டம்ளர் தண்ணீர் என்றேன்,
தாகமென்று நினைத்து மோர் கொடுத்தார்.
குடித்தோம்.
மறுபடி தண்ணீரே கேட்டு வாங்கி
ஃப்ரீசரில் வைத்தேன்.
"எவ்வளவு நேரம்?"
"உறையிற வரைக்கும்."

அவரும் லேசுப்பட்டவரில்லை.
போன மாசம் ஒருத்தன் சைக்கிள் வாங்கினானாம்,
பணம் போட்டாச்சு என்று போனில் பச்சை டிக்கைக் காட்டி
ஏறி மிதித்துப் போய்விட்டானாம்.
டிக் மட்டும்தான் பச்சை.
ஆக, என் கையை அவர் பார்க்க
அவர் ஃப்ரிட்ஜை நான் பார்க்க
இரண்டேகால் மணி நேரம்
மூன்று பேர் ஒரு டம்ளருக்குக் காவலிருந்தோம்.
நடுவில் கரண்ட் பத்து நிமிஷம் போனது.
அதைக் கழித்துக்கொள்ளச் சொன்னார். நியாயம்தான்.

முதலில் விளிம்பில் ஒரு வெள்ளைத் தோல்.
விரலை வைத்தேன். ஒட்டியது.

எட்டாயிரத்து இருநூறுக்கு முடிந்தது.
பேங்க் மெசேஜ் வந்து
தொகையைக் கண்ணாடி போட்டு ஒருமுறை,
கழற்றி ஒருமுறை வாசித்த பிறகுதான்
கயிறு எடுத்துக் கொடுத்தார்.

லோடு ஆட்டோவில் நிற்க வைத்தே கொண்டுவந்தோம்.
ஒரு பக்கம் நான், மறுபக்கம் அழகம்மை,
நடுவில் அது, புதுப்பெண் மாதிரி.
கோட்டையூர் தாண்டும்போது கேட்டாள்:
"என் மெஷின் இப்ப எங்க வந்திருக்கும்?"
"பிள்ளையார்பட்டி தாண்டியிருக்கும்" என்றேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.
தைக்கு அப்புறம்
அவள் குரல் அவ்வளவு பெரிதாய்
அன்றைக்குத்தான் கேட்டேன்.