உறக்க வரி

நாடகத்தை எழுதியது நாங்கள் நாலு பேர்,
ஏழாம் வகுப்பு, பி பிரிவு.
ஒரு ராஜா தூக்கத்துக்கு வரி போடுகிறான்.
கண்ணை மூடினால் காலணா,
குறட்டைக்கு அரையணா,
கனவு வந்தால் அது தனிக் கணக்கு.

ராஜாவுக்குக் குரல் வேண்டும் என்று பூவராகனைப் போட்டோம்.
குரல் இருந்தது, போன் இல்லை.
போன் அவன் அப்பாவிடம்.
அப்பா கொள்முதல் நிலையத்தில்,
குவித்த குறுவை நெல்லுக்குப் பக்கத்தில் பதினோரு நாளாய்
டோக்கன் வருமா என்று
அந்தப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
அதனால் ஒத்திகை ராத்திரி எட்டுக்கு,
பூவராகன் அவருக்குச் சோறு கொண்டுபோகிற நேரத்தில்.
அவர் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரை
ராஜா ஆட்சி செய்யலாம்.

"மன்னா" என்று நஸ்ரின் கூப்பிட்டால்
மன்னன் திரும்புவதற்குள் ஒரு கொசுவை அடித்துவிடலாம்.
குடவாசலில் மாமா வீட்டிலிருந்த ஜெயசுதன்தான் மந்திரி.
கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு
கேட்ட கேள்விக்கு உறைந்துபோவான்,
வாய் பாதி திறந்தபடி.
கிரீடம் யூரியா சாக்கின் உள்பக்கத்தில் வெட்டியது.
வாளைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நான் ஊர் ஜனங்கள்.
ஆள் போதாததால் நான் ஒருத்தியே ஊர் ஜனங்கள்.
எனக்கு மூன்று வசனம்:
"ஐயோ", "ஐயோ மன்னா", பிறகு "தூங்க விடு".

வெள்ளிக்கிழமை அரங்கேற்றம்.
முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் பதினாலு கட்டங்கள்.
அறிவியல் டீச்சர் பாதியில் வந்தார்.
அவர் வீட்டுக் குக்கர் நாலு விசில் அடித்தது,
மியூட் பண்ணச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை.

தூறல் போட்டது.
நெல்மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டு
அதன் மேலேயே ஏறி நின்றிருந்தான் ராஜா.
டார்ச் வெளிச்சம் கீழிருந்து.
மூக்கின் நிழல் நெற்றி வரை ஏறியிருந்தது.
நிஜமாகவே பயமாக இருந்தது.
"இன்று முதல்," என்றான்,
"இந்தக் காவிரி பாயும் நாடெங்கும்..."

போன் அடித்தது.
அப்பாவின் ஈரக் கை ஒன்று திரையை மூடியது.
கட்டம் கறுத்து, பெயரும் போய்,
பதிமூன்று பேர்.
மந்திரி உறைந்திருந்தான், அல்லது
உறைந்ததுபோல் நடித்துக்கொண்டிருந்தான்.
சாட்டில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டார்கள்.

என் வீட்டுக்கும் அந்தக் களத்துக்கும் நடுவில்
எட்டாம் நம்பர் வாய்க்கால், ஒரு தென்னை வரிசை,
அவ்வளவுதான்.
இத்தனை நாளாய்
பக்கத்துக் கரையிலிருந்து வருகிற குரலை
எந்த ஊர் டவர் வழியாகவோ சுற்றிவளைத்து
வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கொல்லைக் கதவைத் திறந்து
போனை இருட்டுக்குள் நீட்டினேன்.

"...தூங்குகிறவன் எவனும்
என் கஜானாவுக்குக் கடன்காரன்!"

தாமதமில்லாமல் வந்தது. மழை வாசத்தோடு வந்தது.
தவளைகள் ஒரு நொடி நிறுத்தி
பிறகு பாட்டுக்குத் தொடர்ந்தன.

நான் என் பங்கைக் கத்தினேன்:
"ஐயோ மன்னா! தூங்க விடு!"
அந்தக் கரையில் நாலைந்து பீடிக் கங்கு.
நெல்லுக்குக் காவல் இருந்தவர்கள்.
யாரோ சிரித்தார்கள்.
அதில் ஒருவர், ஒத்திகைக்கே வராதவர்,
"ஆமாண்டா, தூங்க விடுடா" என்றார்.
இன்னொருவர் இன்னும் சத்தமாக.
அப்புறம் எல்லாரும்.
எனக்கு மூன்றாவது வசனம் தேவைப்படவில்லை.

கடைசியில் ராஜா மனம் மாறுவதாக எழுதியிருந்தோம்.
பூவராகன் மாறவில்லை.
மாற நேரமில்லை, இறங்கி ஓடினான்.
வந்த அழைப்பு டோக்கன்தான்:
காலை ஆறு மணிக்கு எடை,
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவார்கள்.
தூறல் மழையாகிக்கொண்டிருந்தது.
தார்ப்பாயின் நாலு மூலைக்கும் கல் வேண்டும்.

வரி ரத்தாகாமலே நாடகம் முடிந்தது.
டீச்சர் கைதட்டும் படம் இரண்டு போட்டார்.
பிறகு வழக்கம்போல் வருகைப் பதிவு,
கடைசியில் யார் யார் திரையில் இருந்தார்களோ அதன்படி.

பூவராகன்: வரவில்லை.