உருகல் கணக்கு

தொண்டிக்கு அவர் வந்திறங்கியது
காரைக்குடி பஸ்ஸிலிருந்து. வானத்திலிருந்து அல்ல.
தகரப்பெட்டி ஒன்று, அதன்மேல் வெள்ளை எழுத்தில்
மேஜர் கூ. சாத்தன், பாராசூட் படை.
கூரிச்சாத்தன் என்ற முழுப்பெயர்
வடக்கத்தி வாய்களில் நுழையாமல்
பாதி அங்கேயே உதிர்ந்துவிட்டதாம்.

ஐஸ் கம்பெனி போடவேண்டும் என்றார்.
ராமநாதபுரத்து வங்கி மேலாளர்
பிணை என்ன என்று கேட்டதற்கு
எழுபத்தொன்று சண்டையில் வாங்கிய பதக்கத்தை
சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார்.
மேலாளர் எழுந்து நின்று வணக்கம் வைத்து,
திரும்ப உட்கார்ந்து,
"வெள்ளிக்கு நாங்க கடன் குடுக்கிறதில்ல சார்."
இதைச் சொல்லும்போதெல்லாம் மேஜர் சிரிப்பார்.
கடைசியில் கடன் கொடுத்தது
நண்டு ஏவாரி மிக்கேலம்மாள்.
அந்தம்மா பதக்கத்தைப் பார்க்கவே இல்லை,
பல்லைப் பார்த்தார்:
புகையிலைக் கறை கிடையாது. சரி என்றார்.

நான் அங்கே கணக்கன்.
காலையில் அவர் கேட்கும் முதல் கேள்வி
கரண்ட் இருக்கா அல்ல, காத்து எங்கே.
வாடையா, கொண்டலா, கச்சானா?
ஈரவிரலை உயர்த்தி அவரே சொல்வார்
இன்று எத்தனை கட்டி போகும் என்று.
லாஞ்சிக்காரர்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

ஒருமுறை அமோனியா கசிந்தது.
தெருவே கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட,
ஈரச்சாக்கைத் தலையில் போட்டு உள்ளே போனவர்
வால்வை மூடிவிட்டு இருமிக்கொண்டே வந்து
என்னைத்தான் திட்டினார்:
பேரேட்டை ஏன்யா உள்ளயே விட்டுட்டு வந்தே.

அப்படிப்பட்ட ஆள்
சோழியக்குடித் துறையில் வேறு மாதிரி நிற்பார்.
லாஞ்சிக்கும் கரைக்கும் நடுவே பலகை ஆடும்.
பெட்டி தூக்கிய பையன் தயங்கினால்
மற்ற முதலாளிகள் முதுகில் ஒரு தட்டு தட்டுவார்கள்.
இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்,
கட்டைவிரல்கள் ஒன்றையொன்று நெரிக்கும்.
"நீயா வா. நேரம் கெடக்கு."
நேரம் கிடக்காது. ஐஸ் சொட்டிக்கொண்டிருக்கும்.

மாதம் ஒன்பதாம் தேதி
கர்வால் மலைப்பக்கம் ஒரு சிற்றூருக்கு
நூற்றைம்பது ரூபாய் மணியார்டர்.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"உருகல்" என்றார்.
பத்துக் கட்டிக்கு ஒன்று தண்ணீராய்ப் போகும்,
அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர்.
பதினேழு வருடம் எழுதினேன்.

புயலில் கம்பங்கள் சாய்ந்த ஓர் இரவு.
இருட்டில் கட்டிகள் விரிசல் விடும் சத்தம்.
யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்:
பிளேன் கதவு.
கீழ வயலும் கொளமும் நெலா வெளிச்சத்துல.
இருவது வயசுப் பய, கதவ புடிச்சுட்டு நின்னுட்டான்.
பின்னால வரிசையா ஆளு.
முதுகுல கைய வச்சேன்.
குடை விரியல.

பிறகு, டீசல் எத்தனை லிட்டர் இருக்கு என்றார்.
பதினொன்று என்றேன்.
பதக்கத்தின் விளிம்பில் தேதி பொறித்திருக்கிறது,
துடைக்கும்போது பார்த்திருக்கிறேன். ஒன்பது.

போன ஐப்பசியில் படிவம் திரும்பி வந்தது.
இந்தியில் ஒரு கிறுக்கல்.
ரயில்வேயில் இருந்த ஒருவரிடம் காட்டினோம்:
அந்த அம்மாள் இறந்துவிட்டார், வேறு ஆள் இல்லை.
பணத்தை வரவு வைக்கவா சார் என்றேன்.
"உருகினது மறுபடி கட்டியாகுமாய்யா?"
ஆகும் சார், அதுதானே நம்ம தொழில்,
என்று வாயில் வந்துவிட்டது.
என்னை வெகுநேரம் பார்த்தார்.
வெளியே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.
"அடுத்த மாசமும் அனுப்பு" என்றார்.

ஒன்பதாம் தேதி போகிறது.
மாதக் கடைசிக்குள் திரும்பிவிடுகிறது.
தபால்காரர் இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை.
நூற்றைம்பதை வரவு வைக்கிறேன்.
கமிஷன் ஏழரை ரூபாய் மட்டும் திரும்புவதில்லை.
அதை எழுதுகிறேன்
உருகலில்.