அவ

பேச்சாயி வந்தா என்று எழுதுகிறேன்.
கரவெட்டியில் இதற்கு மேல் மரியாதை இல்லை.

தலவாக்கலை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை, பிரஷர் கிளினிக்.
வாசலில் குடைகள் குவிந்து சொட்டின.
அன்றைய பேரை விட்டுவிட்டு
விடியுமுன் மலை இறங்கி
திருவிழாச் சேலை கட்டி வந்திருந்தா,
டொக்டரைப் பார்க்க.
"இருங்கோ அம்மா" என்று கதிரையைக் காட்டினேன்.
"இருக்கட்டுங்க" என்று
நின்றுகொண்டே இருந்தா.

நான் டொக்டருக்குச் சொன்னேன்:
அவவுக்குப் போன மாதமும் கூட.
அவ குளிசை ஒழுங்காப் போடுறேல்லை.
அவவிட்டையே கேளுங்கோ.
மூன்று தரம் சொன்னேன்,
சாமிப் படத்துக்கு மூன்று பூ வைத்ததுபோல.
டொக்டர் மட்டக்களப்பு.
தலை நிமிராமல் எழுதினார்.

அடுத்த மாதம் துண்டை எடுத்துக்கொண்டு
மகள் மட்டும் வந்தாள். கோகிலவாணி.
நுவரெலியாவில் ஒரு கம்பளிக் கடையில் நிற்கிறவள்,
வாடிக்கையாளரோடு சண்டை பிடிக்காமல்
சண்டை பிடிக்கத் தெரிந்தவள்.
"டொக்டருக்கு முன்னால எங்கம்மாவ
அவ, அவ-ன்னு பேசுனீங்களாம்."

ஐயோ, நான் பேசேல்லைத் தங்கச்சி.
"பேசாம? ஊமையாவா இருந்தீங்க?"
நான் அவவைப் பேசவே இல்லை!
"இந்தா. இப்பவும் அவ."

எங்கள் பக்கம்
பேசுவதென்றால் ஏசுவது.
மற்றதெல்லாம் கதைப்பது.
இதை அவளுக்கு விளங்கப்படுத்த
நான் இன்னும் கொஞ்சம் பேசவேண்டியிருந்தது.
வரிசையில் நாற்பது பேர்.
ஒருவர் இருமினார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மல்காந்தி மருந்துப் பெட்டியோடு போகிறபோக்கில்
சிங்களத்தில் கேட்டாள்,
"ரெண்டு பேருக்கும் ஒரே பாஷைதானே, மிஸ்?"
அவள் எல்லாரையும் "அம்மே" என்று விட்டுப் போகிறவள்.
யாரும் அவளோடு கோபித்ததில்லை.

குவாட்டர்ஸில் அன்றிரவு
அரிசி கழுவிக்கொண்டே பழகினேன்.
அவங்க. அவங்களுக்கு. அவங்ககிட்ட.
வாய் கூசியது.
எங்கள் ஒழுங்கையில் அவங்கள் என்றால்
மாங்காய் களவெடுத்து ஓடுகிற பொடியங்கள்.
ஒரு வயதான மனிசியை எப்படி
மதிலேறிக் குதிக்க வைப்பது?

வெள்ளிக்கிழமை அம்மா எடுத்தா.
கிளினிக்குக்கு வராத ஒராளைப் பற்றிச் சொன்னேன்,
அவங்களுக்குக் கால் வீக்கம் என்று.
"ஆரடி அவங்கள்?
வயது போன மனிசியையோ அப்பிடிச் சொல்லுறாய்?
மலைக்குப் போய்
மரியாதை கெட்டுப்போச்சு உனக்கு."
ஃபோனில் மழை சத்தம் கேட்டிருக்கும்.
நான் ஒன்றும் கதைக்கவில்லை.

மூன்றாம் மாதம் பேச்சாயி தானே வந்தா.
அதே சேலை. கணுக்கால் ஊதியிருந்தது.
நான் எழும்பி நின்று,
பாடமாக்கியதை டொக்டருக்குச் சொன்னேன்:
"அவங்களுக்கு இன்னும் குறையல்ல சேர்."
என் காதில் மதில் ஒன்று இடிந்தது.
பேச்சாயி என்னைப் பார்த்தா,
முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக,
கதிரையின் விளிம்பில் இருந்தா.

குளிசைகளை எண்ணிக் கடதாசியில் மடித்துக் கொடுத்தேன்.
முந்தானையில் முடிந்துகொண்டா.
வெளியே குடை விரிக்கும்போது
பக்கத்தில் நின்றவரிடம்
கையை என் பக்கம் நீட்டிச் சொன்னது கேட்டது:
"அவ நல்ல புள்ளதான்."

எந்த ஊர் அவ என்று
நான் கேட்கவில்லை.
அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.