நாற்பது மூட்டை சிமெண்ட்

எட்டாவது இடம்.
பதினான்கு அணிகளில் எட்டாவது.
ஒலிபெருக்கியில் தலைவர் அர்ரோஸ்பிதே:
"மறுகட்டுமானம் திட்டப்படி நடக்கிறது."

கட்டுமானம் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.
மைதானத்தின் கிழக்குச் சுவர் நான் எழுப்பியது.
நாற்பது மூட்டை சிமெண்டுக்கு
இன்னும் காசு வரவில்லை.
கேட்கப் போனால்
ஆண்டுச் சீட்டு ஒன்றை நீட்டினார்கள்.
அந்த ஆண்டுதான்
இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினோம்.

சுமைதூக்கிகள் என்று கிளப்புக்குப் பெயர்,
துறைமுகம் இருந்த காலத்தில் வைத்தது.
துறைமுகம் போய்விட்டது.
சுமை இருக்கிறது.

முதல் ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி.
கோல்கீப்பர் வாஷிங்டன் பெந்தோஸ்
பந்தைத் தவிர எல்லாம் பிடித்தான்:
சளி,
நடுவரின் சட்டைக் காலர்,
ஒருநாள் உள்ளே ஓடிவந்த செவலை நாய்.
நாயைப் பிடித்ததற்கு மட்டும்
எழுந்து நின்று கைதட்டினோம்.

ஜூனில் ஆறு வந்தது.
உருகுவே ஆறு டிக்கெட் எடுப்பதில்லை.
கோல் கம்பத்தின் இடுப்புவரை ஏறி
நான்கு வாரம் குந்தியிருந்தது.
எழுபது கிலோமீட்டர் தள்ளி
யாரோ ஒருவருடைய புல்லில்
'சொந்த மைதான' ஆட்டங்கள் ஆடினோம்.
வடிந்த பிறகு போய்ப் பார்த்தேன்.
நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு.
தூக்குக்குண்டு விட்டேன்.
நூல் பிசகவில்லை.
அந்த வாரம் எங்கள் தரப்பில்
தோற்காதது சுவர் ஒன்றுதான்.

பிறகு ஒன்பதாம் எண்ணை
மெக்சிகோவுக்கு விற்றார்கள்.
வந்த பணத்தில் கூரை என்றார்கள்.
கூரை வந்தது,
இயக்குநர்கள் உட்காரும் பக்கம்.
மழையில் நனைந்தபடி நெலிதா
தான் விற்கக் கொண்டுவந்த பொரித்த ரொட்டியை
ஒவ்வொன்றாக அந்தக் கூரை மேல் எறிந்தாள்.
பதினோரு ரொட்டி.
குறி தப்பவே இல்லை.
இவளை ஒன்பதாம் எண்ணில் இறக்கலாம் என்றேன்.
சிரிப்பதற்கு யாருக்கும் தெம்பில்லை.

விற்ற இடத்தில் பொடியன்களை நிரப்பினார்
பயிற்சியாளர் லார்ரோசா.
இடது பக்கத் தடுப்புக்கு யமந்து சில்வெய்ரா,
பதினெட்டு வயது, காது மட்டும் பெரியவனுடையது.
முதல் ஆட்டத்தில் நம் வலைக்குள்ளேயே அடித்தான்.
அவன் பிறப்பைப் பற்றி
என் வாயில் வந்ததைக் கத்தினேன்.
இரண்டு வரிசை முன்னால் ஒருத்தி திரும்பினாள்.
அவன் அம்மா.
"நானும் அதையேதான் நினைத்தேன்" என்று
மாத்தே குவளையை என் பக்கம் நீட்டினாள்.
கசப்பு. சர்க்கரை போடாதவள்.
வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய.

தளம் போட்டால்
இருபத்தொரு நாள் தண்ணீர் கட்ட வேண்டும்.
அவசரப்பட்டு முட்டை உருவியவன் வீட்டில்
நான் கை நனைப்பதில்லை.
அது எனக்குத் தெரியும், லார்ரோசா.
ஆனால் இருபத்தொரு நாள் என்பது
மூன்று வருஷம் இல்லை.
எனக்கு முழங்கால் போய்விட்டது,
படிக்கட்டில் இனி எத்தனை சீசன் ஏறுவேன்?

அக்டோபரில், முதலிடத்து அணியோடு,
எண்பத்தொன்பதாம் நிமிடம்,
கோட்டின் மேல் பந்து.
எங்கிருந்தோ யமந்து சறுக்கி வந்தான்,
காது, முட்டி, சேறு எல்லாம் சேர்த்து
வெளியே தள்ளினான்.
ஆட்டம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்.
நான் கத்திய கத்தில்
கட்டுப்பல் கழன்று மடியில் விழுந்தது.
ஒரு சமநிலைக்கு.
வெட்கமாக இருந்தது.
பல்லை மாட்டிக்கொண்டு
மறுபடி கத்தினேன்.

கடைசி ஆட்டமும் தோல்விதான்,
சொல்ல மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன்.
நாற்பது மூட்டை, ஆறு வருஷம், வட்டி,
மணல் ஏற்றிய கூலி தனியே,
எல்லாம் தாளில் எழுதியிருந்தேன்.
ஜன்னலில் வரிசை.
எனக்கு முன்னால் அவன் அம்மா,
அடுத்த சீசனுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
என் முறை வந்தது.
தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
கிழக்குச் சுவர் பக்கம் ஒரு இடம் என்றேன்,
பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
ரசீது கேட்டேன்.

ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.