இருமல் பொத்தான்

முப்பத்தொரு வருஷமாக
'நான்' என்ற சொல்லை
நாளொன்றுக்கு நானூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.
அதில் ஒன்றுகூட நானில்லை.

நான் சோயா ஏற்றுமதியாளன்.
நான் கோமாரித் தடுப்பூசித் துறையின் துணைச் செயலர்.
ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க
நதிப் போக்குவரத்து ஆணையமாக இருந்தேன்.
ஆழ்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன் என்று
யார் யாருக்கோ, யார் யார் சார்பிலோ
கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து சொல்லி
நன்றிக்கு நாள்கூலி வாங்கியவள் நான்.

இன்றைய கூட்டம் முடிந்துவிட்டது.
மொந்தேவீடியோவில் தென்காற்று;
கரைச்சுவரில் ஏறி விழும் அலை
கார்களைக் கழுவிக்கொண்டிருக்கிறது.
வாஷிங்டன் கம்பிகளைச் சுருட்டுகிறான்.
(எங்கள் ஊரில் அது சாதாரணப் பெயர்.
பிரேசில்காரர்கள் இன்னும் சிரிக்கிறார்கள்.)
மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்திருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.
நெலிடா, இனி வருவது மொழிபெயர்ப்பு இல்லை.

முதல் நாள் உன்னைப் பிடிக்கவில்லை.
காற்றுப் போகாத கூண்டுக்குள்
ஆரஞ்சுப் பழம் உரித்தாய்.
அரை மணிக்கொரு முறை ஆள் மாற வேண்டும்;
என் முறையில் நீ தூங்குவாய் என்று நினைத்தேன்.
எண்கள் வந்தன.
எண் வந்தால் எனக்குக் கை நழுவும்,
ஏந்திப் போகும் வாக்கியத்தையும் சேர்த்துக் கொட்டிவிடுவேன்.
பக்கத்திலிருந்து ஒரு காகிதம் நகர்ந்து வந்தது.
பச்சைப் பென்சிலில்:
47,300 டன். எலும்பு நீக்கியது.
என் சொந்த எண்ணைப் போலப் படித்தேன்.
அவையில் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.
எனக்கு. உனக்கில்லை.
நீ தோலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்த 'ப்ரொபினா'.
எங்கள் ஸ்பானிஷில்
சாப்பாட்டு மேசையில் விட்டுப்போகும் சில்லறை.
எல்லைக்கு அந்தப் பக்கம், போர்த்துகீசில், அதே சொல்
லஞ்சம்.
எங்கள் அமைச்சர் விருந்துக் களிப்பில் சொன்னார்,
பிரேசில் நண்பர்களுக்கும் ஏதாவது ப்ரொபினா வைக்க வேண்டாமா?
என் நாக்கு ஏற்கெனவே 'ப்ரொ' வரை போயிருந்தது.
உன் விரல் இருமல் பொத்தானை அழுத்தியது.
மைக் அரை நொடி செத்தது.
பென்சில் எழுதியது: கொர்ஷேத்தா.
அதைச் சொன்னேன். அவை சிரித்தது.
இறைச்சி ஒப்பந்தம் கையெழுத்தானது.
நடக்காமல் போனவற்றுக்குச்
சரித்திரத்தில் அடிக்குறிப்பு கிடையாது.
அரை நொடி, ஒரு விரல், அவ்வளவுதான்.

ரோசெந்தோ ஒரு தடவை கூண்டுக் கதவைத் திறந்து
'பேசுபவரைவிட நன்றாகப் பேசுகிறாய்' என்றார்.
சந்தோஷப்பட்டேன்.
'அது குற்றம்' என்று கதவைச் சாத்தினார்.
இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை.
பொய்யன் ஒருவன் திக்கித் திணறிப் பொய் சொன்னபோது
அதே திக்கலோடு சொன்ன அன்றுதான்
அவர் சொன்னது விளங்கியது.
அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை.
எழுதிய கடிதம் இன்னும் கைப்பையில் இருக்கிறது.

வாஷிங்டனுக்கும் சொன்னதில்லை.
வலது காது மங்குவது
எனக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
எந்த மண்டபத்துக்குப் போனாலும் என் இணைப்பில் மட்டும்
ஒலி இரண்டு புள்ளி கூடுதலாக இருக்கும்.
நான்கு வருஷம்
என் காது நன்றாக இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நாளை முதல் நீ வரமாட்டாய்.
சால்ட்டோவில் உன் தங்கையின் வீட்டு மாடி,
வெந்நீர் ஊற்று, எலுமிச்சை மரம்,
வாயே திறக்காத ஒரு வருஷம் என்கிறாய்.
அந்த நாற்காலிக்கு வரப்போகும் பையன்
எண்களைக் கணினியில் தட்டுவானாம்.
தட்டட்டும். நன்றாகவே தட்டுவான்.

நெலிடா,
இந்த அவையின் சார்பில் அல்ல,
மாண்புமிகு எவருடைய சார்பிலும் அல்ல,
நான்...

அதற்கு மேல் தொண்டை அடைத்துக்கொண்டது.
நீ நிமிரவில்லை.
ஒரு கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
மற்றக் கை தானாக நீண்டு,
மைக் எப்போதோ அணைந்துவிட்டது என்பதை மறந்து,
எனக்காக
பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது.