தொண்ணூற்றாறு சதவீதம்

விற்பனைக்கு என்று நான் எழுதியது இவ்வளவுதான்:
மூன்று ஒர்க்ஸ்டேஷன். ஒவ்வொன்றிலும் இரண்டு பிராசசர்,
ஆளுக்கு இருபது கோர்.
ஒன்பது வருடம் அணைக்காமல் ஓடியவை.
மூன்றாவதில் ஒரு மெமரி ஸ்லாட் செத்துவிட்டது.
இடம் சாரெமா தீவு, படகு நேரம் பார்த்து வரவும்.

எதற்காக ஓடியவை என்று எழுதவில்லை.
சுரங்கத்தில் உழைத்த குதிரையென்று தெரிந்தால்
பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

தாலினில் ஒரு வங்கி ஏலத்தில் தள்ளிய சரக்கு.
வங்கியின் பட்டியல் எண் விலாவில் ஒட்டியிருக்கிறது இன்னும்,
நேற்று சுரண்டினேன், பாதிதான் வந்தது.

சலவை அறையில் வரிசையாக நிறுத்தியதிலிருந்து
ஹெல்வே அங்கே ஹீட்டர் போட்டதில்லை.
ஈரக் காலுறைகள் ஒரே இரவில்
அப்பளம்போல் மொறமொறத்தன.
பூனை நடு மெஷினின் மேல் குட்டி போட்டது,
ஐந்தும் மின்விசிறி இரைச்சலைத்
தாயின் உறுமல் என்றே நம்பி வளர்ந்தன.

எங்கோ ஓர் ஆய்வகம் ஒரு புரதத்தை அனுப்பும்,
கூடவே ஒரு மூட்டை மூலக்கூறுகள்.
இது பொருந்துமா?
பொருந்தாது.
இப்படித் திருப்பினால்?
பொருந்தாது.
இது?
நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.
அறுபது கோரும் இல்லை இல்லை என்று
விடிய விடியச் சொல்லிக்கொண்டிருக்கும்.

பிறகு மின்சாரம் விலை ஏறிய குளிர்காலம்.
ஹெல்வே பில்லை மேசையில் வைத்தாள்.
பறந்துவிடாதிருக்க உப்புக் குப்பியை அதன்மேல் வைத்தாள்.
ஜன்னல்கள் மூடித்தான் இருந்தன.
யானையைக் கட்டித் தீனி போட்டது போதும்
என்று அந்தக் குப்பிதான் சொன்னது.

வாங்க வந்தவள் பெயர் மேலிகா.
பேக்கரி வேன் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தாள்,
கதவைத் திறந்ததும் ஏலக்காய் ரொட்டி வாசனை.
கம்பளிப் பொம்மைகளை வைத்துப் படம் எடுக்கிறாளாம்.
பொம்மைகள் கையால், பனி மட்டும் கணக்கால்.
அந்தப் பனிக்குத்தான் இவை.

இரண்டை அணைத்து ஏற்றியாயிற்று.
மூன்றாவதின் திரையில்
தொண்ணூற்றாறு சதவீதம்.

"இது மட்டும் ஒரு நாற்பது நிமிடம்..."
"இப்போதே அணைத்தால்?"
"வேறு யாருக்காவது அனுப்பிவிடுவார்கள்."
"அப்புறம் என்ன?"
"அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்."

கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறரைப் படகு.
என்னைப் பார்த்தாள்.
கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள்.

புகையில் வாட்டிய தட்டைமீன், கறுப்பு ரொட்டி, காபி.
"ஏதாவது கண்டுபிடித்ததா?" என்றாள்.
"இல்லை."
"எத்தனை இல்லை?"
இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.
"நாலு லட்சத்துச் சொச்சம்."
மீன்முள்ளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கியபடி
"காலுறை காய்ந்ததே" என்றாள் ஹெல்வே.

நூறு.
மூன்று பேரும் நின்றுகொண்டே பார்த்தோம்.
விடை கடல் தாண்டிப் போயிற்று.
நான் மூச்சு விடுவதற்குள்
திரையில் புது வரி ஒன்று:
பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று சதவீதம்.

இனி வேலை வேண்டாம் என்று சொல்லிவைக்க
மறந்திருந்தேன்.

"இது எவ்வளவு நேரம்?"
"பதினான்கு மணி."
மேலிகா சுவரில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினாள்.
நான் மவுஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது வருடம் அந்த மூலைப்பக்கம் கை வைக்காத ஹெல்வே
குனிந்து
பிளக்கைப் பிடுங்கினாள்.

விசிறிகள் உடனே நிற்கவில்லை.
சுற்றின, தயங்கின,
ஒன்று மட்டும் கொஞ்சம் பிந்தி.

எழுநூறு யூரோ. எண்ணி வாங்கி,
தவறிய படகுக்கென்று முப்பதைத் திருப்பிக் கொடுத்தேன்.
இருபதை எடுத்துக்கொண்டு
பத்தைப் பூனையின் தட்டருகே வைத்துவிட்டுப் போனாள்.

இரவு சலவை அறையில்
பழைய ஹீட்டரைத் தூசி தட்டிப் போட்டேன்.
கொடியில் நான்கு காலுறை.
பூனை வந்து முகர்ந்துவிட்டு வெளியே போயிற்று.
ஹீட்டர் சூடாகிறது.
வேறொன்றும் செய்யவில்லை.